ஸ்கேனர் மேல் ஒரு புகார்

"மூணு கையாம்மா. என் பொண்ணுக்கு மூணு கை கீதுன்றான் அந்த ஆபீசரு. பேங்க்குக்கு ஆள் எடுக்கறவன் பேசற பேச்சா இது? பொறந்தப்ப ரெண்டுதான் இருந்துச்சு, ஆஸ்பத்திரிலயே எண்ணிப் பாத்துட்டுதான் வாங்கினேன். ராத்திரி பகலா ரோசன பண்ணிட்டுதான் வந்துகீறேன் ஹேமா. தப்பு உன் ஸ்கேனரு மேலதான்."

ஹேமாவதி ஜெராக்ஸ் மெஷினை நிறுத்திவிட்டுத் தட்சிணாமூர்த்தியைப் பார்த்தாள். திருமுல்லைவாயில் ஸ்டேஷன் ரோட்டில் அவள் வைத்திருப்பது சின்ன ஜெராக்ஸ் கடை. ஒரு கம்ப்யூட்டர், ஒரு ஜெராக்ஸ் மெஷின், ஒரு ஸ்கேனர், இரண்டு பிளாஸ்டிக் நாற்காலி. ஒரு நாற்காலியில் தட்சிணாமூர்த்தி உட்கார்ந்தால் மற்றதில் இருப்பவர்கள் எழுந்து போய்விடுவது வழக்கம். ஆதாரில் விலாசம் மாற்ற வந்த அம்மாள் இரண்டு நிமிடம் பொறுத்துப் பார்த்துவிட்டு, "அப்புறம் வரேன்" என்று நழுவியிருந்தாள். அவர் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனி ஸ்டோரில் முப்பத்து நாலு வருஷம் இருந்து ஓய்வு பெற்றவர். மகள் நிவேதிதாவின் பேங்க் பரீட்சை விண்ணப்பங்களுக்காக ஏழு வருஷத்தில் பதினோரு தடவை இந்தக் கடைப் படி ஏறியிருக்கிறார்.

"நீ அப்டிப் பாக்காத. விசயத்த முழுசா கேளு. முந்தாநாள் கூப்ட்டான். பிரிலிம்ஸ் பாஸு, மெயின்ஸ் பாஸு, லிஸ்ட்ல பேரு வந்தாச்சு, சர்ட்டிபிகேட் சரி பாக்கறது ஒண்ணுதான் பாக்கி. நான் வெளிய மரத்தடில குந்திகினு இருந்தேன். உள்ள அவகிட்ட ஒரு வெள்ளப் பேப்பரக் குடுத்து, அந்த உறுதிமொழிய எழுதுமான்னானாம். அதான்மா, அப்ளிகேசன்ல போட்டோ, கையெழுத்து, கட்டவெரல் ரேகை, இதுக்கெல்லாம் அப்பால இங்கிலீஷ்ல அஞ்சு வரி எழுதி ஏத்துவமே, நான் குடுத்த தகவல்லாம் நெசம்னு, அத்த. அவளும் எழுதினா. அவன் ரெண்டு பேப்பர எடுத்து அதுக்குப் பக்கத்துல வெச்சான். ஒண்ணு, நாம இங்கேந்து ஏத்தனது. ரெண்டாவது, பரீட்சை ஹால்ல அவனுங்க எதிர்லயே எழுதி வாங்கினது. மூணாவது, இப்ப எழுதினது. மூணும் மூணு கைன்றான். பரீட்சைக்கு வந்தது நீதானா, இல்ல ஆள் வெச்சு எழுதினியான்றான். மூணு நாள்ல எழுத்துல பதில் குடு, இல்லாங்காட்டி கேன்சலுன்றான், கெடு நாளைக்குப் பதினோரு மணியோட முடியுது. வர்ற ஜூலைக்கு அவளுக்கு முப்பத்தொண்ணு முடியுது. வயசு தாண்டிப் போவும். இதுக்கு மேல அப்ளிகேசனே போட முடியாதும்மா. இதான் கடைசி.

"உனக்கு ஒண்ணும் பெரிய வேல இல்ல. எங்க கடை ஸ்கேனரு பழுது, அதனால எழுத்து மாறிப்போச்சுன்னு ரெண்டு வரி. கீழ கடை சீலு. அவ்ளோதான். உன் பேருக்கு இன்னா கெட்டுப்போவுது? ஸ்கேனரு மனுசனா, மானம் போச்சுன்னு அழறதுக்கு?"

ஹேமாவதி ஸ்கேனரைப் பார்த்தாள். போன வாரம் மட்டும் அதில் நூற்றுப் பன்னிரண்டு சர்ட்டிபிகேட் எடுத்திருந்தாள். ஒருவர்கூடக் குறை சொல்லித் திரும்பி வரவில்லை.

"பரீட்சைன்னு பேரு வெச்சிகினு இவனுங்க பண்ற கூத்து கொஞ்சமா? அவ படிக்க சொல்ல நானும் பக்கத்துல குந்தி பாத்துகீறேன். கேள்வில எட்டு பேரு ஒரு வட்ட மேசைய சுத்தி குந்திகினு கீறான். நாலு பேரு மேசையப் பாக்கறான், நாலு பேரு சொவத்தப் பாக்கறான். பி-க்கு எடது பக்கம் மூணாவது ஆளுக்கு பச்ச சட்ட புடிக்கும். அவனுக்கு எதிர்ல குந்தறவனுக்கு ஜி-யப் புடிக்காது. அப்ப டி-யோட ஊரு இன்னா? இத்தினி வருஷமா நானும் பேங்குக்குப் போறேன், வட்டமா குந்தி ஒருத்தனையும் பாத்ததில்ல. ஒரே ஒருத்தன் குந்திகினு கீறான், நம்ம முறை வர சொல்ல அவனும் சாப்டப் பூட்றான்.

"அப்பால மைனஸ் மார்க்கு. தப்பா சொன்னா கால் மார்க்கப் புடுங்கிப்பானாம். தெரியலன்னா கம்முனு வுட்றணுமாம். இந்த சட்டம் எங்க ஊட்ல இருந்துச்சுன்னு வெய்யி, அஞ்சலை என்னக் கட்டிகினு வந்த நாள்லேந்து வாயே தொறந்திருக்க மாட்டா."

ஹேமாவதி சிரிப்பை மறைக்கக் குனிந்து, காகிதக் கட்டை ஒழுங்காக அடுக்கினாள்.

"கோச்சிங் சென்டரு அதுக்கு மேல. அம்பத்தூர்ல அவன் பேனரப் பாத்துகீறியா? எரநூறு மூஞ்சி. அதே மூஞ்சிங்க ஆவடில வேற ஒரு சென்டரு பேனர்லயும் கீது. ரெண்டு எடத்துலயும் படிச்சவன் எப்பம்மா தூங்கினான்? லிஸ்ட் வந்த மறுநாளே நிவேதிதா மூஞ்சியையும் ஏத்திட்டான். மூணாவது வரிசை, பதினேழாவது. நானும் அஞ்சலையும் பஸ் ஏறிப் போய் பாத்துட்டு வந்தோம். நேத்து போன் பண்ணி, இந்த மாதிரி ஆயிப்போச்சு, கொஞ்சம் எறக்கி வைப்பான்னா, ஒருத்தர மட்டும் தனியா எடுக்க முடியாது அங்கிள், வேணும்னா மூஞ்சி மேல வேற மூஞ்சி ஒட்டிக்கறேன்றான்.

"எங்க அக்கா புள்ள அபிஷேக்கு, அவன் மொத தபாவே பாஸு. நசரத்பேட்டைல ஊடு. இங்க வர்றப்பல்லாம், இன்னா மாமா, நிவேதிதா இன்னும் படிச்சிகினுதான் கீறாளான்னு ஒரு கேள்வி. தெருவுக்கே கேக்கும். நான் ஒரு நாள் அவன் பேங்குக்கே போய் நின்னேன். எதிர்ல வர்றவங்க எல்லார்கிட்டயும் சர்வர் டவுன், சர்வர் டவுன்றான். அந்த ரெண்டு வார்த்த சொல்றதுக்கு ரெண்டு பரீட்சை வெச்சு எடுத்துகீறானுங்க."

அவர் மூச்சு வாங்கிக்கொண்டார். அந்த இடைவெளியில் ஹேமாவதி ஏதோ கேட்டிருக்க வேண்டும்.

"அவளா? ஊட்ல படுத்துகினு கீறா. சொவத்தப் பாத்துகினு. முந்தாநாள்லேந்து அப்டிதான். ஊட்டுக்கு வந்தப்பறம் எங்கிட்ட ஒரு வார்த்த பேசல. பதில் எழுதுடின்னா பேனாவத் தொடல. அதனால இன்னா, அந்தப் பதிலயும் நானே எழுதிகினு வந்துட்டேன். பாரு. அபிஷேக்குதான் போன்ல இங்கிலீஷ்ல அனுப்பினான், நான் பாத்து எழுதினேன். உன் லெட்டரு கூட இத்தயும் சேத்து வெச்சா முடிஞ்சுது."

சட்டைப் பையிலிருந்து மடித்த காகிதத்தை எடுத்து மேசைமேல் விரித்தார். அச்சில் வார்த்தது போன்ற எழுத்து. ஒவ்வொரு வரியும் அடிக்கோல் வைத்து இழுத்தது மாதிரி நேராக ஓடியது. ஆங்கில எழுத்துகள் ஒன்றை ஒன்று கைபிடித்துக்கொண்டு நின்றன. இந்த எழுத்தை ஹேமாவதி பதினோரு தடவை தன் ஸ்கேனர் கண்ணாடிமேல் வைத்திருக்கிறாள். ஒவ்வொரு தடவையும் அவர்தான் அதைப் பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கொண்டுவருவார். நிவேதிதாவின் எழுத்து இவ்வளவு அழகா என்று அவள் மனதுக்குள் மெச்சியதும் உண்டு.

அவள் காகிதத்திலிருந்து கண்ணை எடுத்து அவரைப் பார்த்தாள்.

"சோக்கா கீதுல்ல? நான் படிச்சது எட்டாவதுதான். ஆனா நாலு கோட்டு நோட்டுல எழுதிப் பழகின கை. கம்பெனி ஸ்டோர்ல ரேக்குக்கு ஒரு அட்ட தொங்கும், எந்த சாமான் எத்தினி கீதுன்னு. மூவாயிரத்து எரநூறு அட்ட. எல்லாம் நான் எழுதினது. வெளியூர்லேந்து வந்த மேனேஜரு, இது பிரிண்டான்னு தடவிப் பாத்தான். அர்த்தமா? இங்கிலீஷு அர்த்தம் எனக்கு எதுக்கு? குடுத்தத அடி பிசகாம எழுதுவேன், அதான் என் வேல.

"நிவேதிதா எழுத்தப் பாத்துருக்கியா நீ? டாக்டரு சீட்டு தேவல. மொத தபா அப்ளிகேசன் போட சொல்ல அவதான் எழுத வந்தா. நான் பாத்துட்டு, தூக்கி வெய்யி, ஆபீசரு இத்தப் பாத்தா அங்கயே கிழிச்சிப் போட்ருவான்னு, பேப்பர வாங்கி நானே எழுதிட்டேன். நானே எழுதறேம்பா, நானே எழுதணும்பான்னா. ஒவ்வொரு தபாவும் சொன்னா. நான் வுட்ருவனா? நீ பரீட்சைய எழுது, இத்த நான் பாத்துக்கறேன்னேன். எழுதி முடிச்சி நீட்டினா கையெழுத்த மட்டும் போட்டுக் குடுப்பா. கைப்பட எழுதணும்னுதான போட்டுகீறான்? யாரு கைன்னா போட்டுகீறான்?"

ஹேமாவதி கம்ப்யூட்டரில் எதையோ தேடி எடுத்துத் திரையை அவர் பக்கம் திருப்பினாள். ஒரு வரியில் விரலை வைத்தாள்.

"இன்னா அது… பொடி எழுத்தா கீது. படி நீயே… விண்ணப்பம் போடறவங்களே எழுதணும். சரி. வேற யாரு எழுதினாலும்… செல்லாதா? இது இந்த தபா புதுசா போட்டதா? எல்லா தபாவும் கீதா? பதினோரு தபாவுமா?

"இத்தினி பொடியா போட்டா யாருக்கும்மா தெரியும்? பெருசா போடக்கூடாது? பச்ச சட்டக்காரன் எங்க குந்தறான்னு கேக்க மட்டும் அரப் பக்கம் கீது."

பேச்சில் சுருதி இறங்கியிருந்தது. ஆனாலும் அவர் நிறுத்தவில்லை.

"ஆனா ஒண்ணு சொல்றேன். எழுத்து மேல அவளுக்கு அக்கற இல்லன்னு நெனைக்காத. லிஸ்ட் வந்த நாள்லேந்து பாக்கணும் நீ. நான் எழுதினதுல ஒரு காப்பிய எதிர்ல வெச்சிகினு எழுதிகினே கீறா. எரநூறு பக்க நோட்டு வாங்கி, பக்கத்துக்கு நாலு தபா. ஒரு மாசம். வெரல்ல காப்பு காச்சிப்போச்சு. அஞ்சலைகிட்ட சொன்னேன், பாத்தியாடி, முப்பது வயசுலயாச்சும் எங்கையெழுத்தோட அரும தெரிஞ்சுதுன்னு. நானே பக்கத்துல குந்தி, இந்த எழுத்துக்கு வால் இன்னும் கொஞ்சம் சுழிக்கணும்மா, இது கொஞ்சம் சாயணும்மான்னு திருத்திக் குடுத்தேன். அவளும் சரிப்பா, சரிப்பான்னு திரும்பத் திரும்ப… அதே அஞ்சு வரியத்தான் எழுதினா. வேற ஒண்ணும் எழுதல.

"எதுக்கு அதே அஞ்சு வரின்னு… நான் கேக்கல."

ஆவடி பக்கம் போகும் ரயில் ஒன்று ஸ்டேஷனில் நின்று கிளம்பியது. அது போய் முடியும்வரை தட்சிணாமூர்த்தி வாயைத் திறக்கவில்லை. ஏழு வருஷத்தில் அவர் இந்த நாற்காலியில் இவ்வளவு நேரம் சும்மா இருந்து ஹேமாவதி பார்த்ததில்லை.

"அவளுக்கு மொதல்லயே தெரிஞ்சிகீது. எழுதச் சொல்வான்னு தெரிஞ்சிதான்… எங்கைய மாதிரியே எழுதிட்டா சமாளிச்சிக்கலாம்னு. மூணாவது கை அதுதானா? ஹால்ல எழுதினது அவளோட நெசக் கை. மூணாவது, என்னப் பாத்து எழுதினது. முழுசா என்னுதாவும் இல்ல, அவளுதாவும் இல்ல. அதான் அவனுக்கு சந்தேகம் ஜாஸ்தியாயிருக்கும். இல்ல?

"எங்கப்பா எழுதிக் குடுத்தாருன்னு அங்கயே ஒரு வார்த்த சொல்லிருக்கலாமே. நான் வெளியதான குந்திகினு இருந்தேன். சொன்னா என்னக் கூப்ட்டு நிக்க வெச்சுக் கேப்பான்னு… வெளிய வந்தும் சொல்லல பாரு. ரயில்ல வர சொல்ல நான் ஸ்கேனரு, ஸ்கேனருன்னு கத்திகினே வந்தேன். கேட்டுகினே வந்தா."

ஹேமாவதி அவர் கொண்டுவந்த கடிதத்தை மடித்து அவர் பையிலேயே வைத்தாள். அடுக்கிலிருந்து ஒரு வெள்ளைத் தாளை உருவி அவர் முன்னால் வைத்து, பேனாவை மூடி கழற்றிக் கொடுத்தாள்.

"இன்னா? அவ பேர்ல வேற மாதிரி எழுதவா? … இல்லியா? … எம்பேர்லயா? அஞ்சு வரியும் எழுதினது நான்தான்னு நானே எழுதித் தரதா?

"ம். எழுதிக் குடுத்தா, அவன் ஏத்தி வெச்சிருக்கறதோட ஒத்துப் பாப்பான். ஒத்துப்போவும். அதுல ஒரு புள்ளி மாறாது. அப்ப ஆள் வெச்சு பரீட்சை எழுதலன்னு ஆவும். கட்டவெரல் ரேகையும் அவளுதுதான கீது. … வுட்ருவானா? … உனக்கும் தெரியாதா. சரி. சட்டத்துல செல்லாதுன்னுதான் கீது. ஆனா அவ பொய்க்காரின்னு இல்லாம போவும் இல்ல? அவளும் அவ கையாலயே ஒண்ணு எழுதணும். அவ எழுத்துலயே. அத்த நான் பாக்கமாட்டேன். எப்டி இருந்தாலும் பாக்கமாட்டேன்."

அவர் நாற்காலியை மேசைக்கு அருகே இழுத்தார். தாளை நேராக்கினார். ஓரத்தில் ஒரு விரற்கடை இடம் விட்டு, மேலே தன் பெயரையும் விலாசத்தையும் ஆங்கிலத்தில் எழுதினார். எல்லாம் அச்சு அசலாக விழுந்தன. அதற்குக் கீழே, ஆங்கிலத்தில் 'நான்' என்பதற்கான அந்த ஒற்றை எழுத்தைத் தலையும் காலும் சுழித்து நிறுத்தினார். அதற்கு மேல் பேனா நகரவில்லை. எதிரில் பார்த்து எழுத ஒன்றும் இல்லை. முனை தாளைத் தொடாமல் அரை அங்குலம் மேலேயே நின்றது.

"ஹேமா."

அவள் நிமிர்ந்தாள்.

"இதுக்கு அப்பால இன்னாம்மா எழுதணும்?"

கேட்டுவிட்டு அவர் வாயை மூடிக்கொண்டு, அவள் சொல்வதற்காகக் காத்திருந்தார்.