சுமலதா டீச்சர் முடிக்காத புகார்

சுமலதா டீச்சரின் இரங்கல் கூட்டத்துக்குத் தலைமை ஏற்றிருக்கும் காய்கறி விவசாயிகள் சங்கத் தலைவர் செல்வமுருகன் அவர்களே, மேடையில் தலைகுனிந்து அமர்ந்திருக்கும் டீச்சரின் கணவர் ஜெயச்சந்திரன் சார் அவர்களே, கவுஞ்சியிலிருந்தும் போளூரிலிருந்தும் மழையோடு வந்திருக்கும் உறவுகளே, பழனியிலிருந்து மலையேறி வந்த நண்பர்களே! வேன் ஓட்டுநர் சங்கச் செயலாளர் யோகராஜ் நான் உங்களை வணங்குகிறேன். மேடை எனக்குப் புதிதல்ல. ஆனாலும் இன்றைக்குப் பயமாக இருக்கிறது. துக்கத்தைவிடப் பயம்தான் கூடுதலாக இருக்கிறது.

கணினி ஆசிரியை சுமலதா அவர்கள் நமக்கு என்ன செய்தார்? பழனி–கொடைக்கானல் மலைப்பாதையில் மண் சரிந்தால் பார்த்தவர்கள் டீச்சருக்குப் போன் செய்வார்கள். டீச்சர் உடனே நம் வேன் சங்கத்தின் இணையதளத்தில் 'பாதை மூடல்' என்று போடுவார். பழனி பஸ் ஸ்டாண்டுப் பக்கம் பிரவுசிங் சென்டர் வைத்திருக்கும் வேலப்பன் அதைப் பார்த்துச் சொல்வார். அதன் பிறகே நாங்கள் வண்டியை மேலே ஏற்றுவோம்.

இந்த ஐப்பசியில் ஒரு சாயங்காலம் சவரிக்காட்டுப் பக்கம் பாதி ரோடு பள்ளத்துக்குள் போய்விட்டது. டீச்சர் 'மூடல்' என்று போட்டுவிட்டார். பழனியிலோ புதுப்பக்கம் திறக்கவே இல்லை! மதியம் திறந்த பழைய பக்கம்தான் திரையில் நின்றது. "போங்கண்ணே, ரோடு கிளியரா கெடக்கு" என்றார் வேலப்பன். அவரையும் குறை சொல்ல முடியாது. நான் ஏறினேன். பிரேக்கை மிதித்து நின்ற இடத்துக்கு முன்னால் ரோடு இல்லை ஐயா!

அதற்கு நாம் என்ன சொன்னோம்? "மிஸ்ட் எறங்கிருச்சு, நெட்டு அப்படித்தான் இருக்கும்" என்றோம். இந்த ஊரில் பால் திரிந்தாலும் மிஸ்ட்தானே, இந்த மூடுபனிதானே காரணம்! நம் தளத்தைத் தன் சர்வரில் வைத்திருக்கும் கம்பெனியும் அதையே சொன்னது. நாலு வார்த்தை திட்டலாம் என்று நான் போனை எடுத்தேன். டீச்சர் பிடுங்கிக்கொண்டார். "ஸ்லோ ஸ்லோன்னு கத்துனா யாரும் நம்ப மாட்டாங்க, யோகராஜ். எந்த எடத்துல ஸ்லோன்னு காட்டணும்" என்றார்.

எப்படிக் காட்டினார்? கொடைக்கானலில் தானும், பழனியில் வேலப்பனும், கோயம்புத்தூரில் தன் தங்கை ஆனந்தியும் ஒரே நேரத்தில் தளத்தைத் திறந்து பார்த்தார்கள். கோயம்புத்தூரில் ஏது மிஸ்ட்? அங்கேயும் திறக்காமல் சுற்றிக்கொண்டேதான் இருந்தது! பிறகு, நாம் எந்த வளைவில் டிராபிக் நிற்கிறது என்று விசாரிப்போமே, அதுபோலத் தகவல் போகும் வழியை ஒவ்வொரு கட்டமாகச் சோதித்தார். வழியெல்லாம் சரியாக இருந்தது. சிக்கல் கம்பெனியின் வாசலுக்கு உள்ளே இருந்தது. அத்தனையையும் கோபமாக ஒரு சொல் இல்லாமல் எழுதி அனுப்பினார். இந்த முறை அவர்கள் மிஸ்ட் என்று சொல்லவில்லை. "ஒரு இணைப்பை மாற்றியிருக்கிறோம், மறுபடி சோதித்துப் பதில் சொல்லுங்கள்" என்று கேட்டார்கள்.

அதற்குள் டீச்சர் நிமோனியாவோடு மதுரை ஆஸ்பத்திரியில் படுத்துவிட்டார். அந்த மெயிலை யார் பார்த்தது? தகனம் முடிந்து வந்த பிறகுதான் சார் டீச்சரின் மெயில் பெட்டியைத் திறந்தார். அதன் பின்னால் இன்னொரு மெயிலும் வந்திருந்தது. "பதில் வராததால், பிரச்சினை தீர்ந்ததாகக் கருதிப் புகாரை முடித்துவிட்டோம்." தீர்ந்துவிட்டதாம்! கேட்கிற ஆள் போய்விட்டால் பிரச்சினையும் போய்விடுமா?

அந்தப் புகாரை நாம் மறுபடி திறப்போம். தினமும் மூன்று ஊரிலும் சோதிப்போம். கொடைக்கானலில் நான் உட்காருகிறேன். எனக்குக் கம்ப்யூட்டரைத் தொடவே பயம். கற்றுக்கொள்கிறேன். சரியாகிவிட்டது என்று நாம் சொல்லும்வரை யாரும் அதை முடிக்க விடமாட்டோம்.

கடைசியாக ஒன்று. மேடை ஏறுமுன் வேலப்பனைக் கூப்பிட்டேன். "இன்னும் சுத்துதுங்கண்ணே, காலைல வந்த பக்கந்தான் நிக்குது" என்றார். வெளியே மழை வலுக்கிறது. பாதையைப் பார்க்க நம் ஆட்கள் ஜீப்பில் போயிருக்கிறார்கள், அவர்களிடமிருந்து போன் வரவில்லை. நாளை வெள்ளனே பழனி சண்முகநதியில் அஸ்தி கரைக்க, சார் இப்போதே இறங்குவதாக இருக்கிறார். கலசம் அவர் மடியில் இருக்கிறது.

சார், போன் வரட்டும். அதுவரைக்கும் டீச்சரைக் கூட்டிக்கிட்டு அந்த ரோட்டுல எறங்காதீங்க. கும்பிட்டுக் கேக்குறேன், உக்காருங்க.