ஸ்கோப்பில் ஆடிய அலை

சென்ட் லோரன்ட்டில் வேலை முடிந்து திரும்பும் பஸ். எனக்கு முன் சீட்டில் இரண்டு பெண்கள், கழுத்தில் ஒரே தொழிற்சாலையின் அட்டை. இளையவள் திடீரெனச் சொன்னாள்:

“அக்கா, அந்தச் சர்க்கிட் போர்டை நீங்கள் கெடுக்கேல்லை.”

“நான் கெடுத்ததெண்டு ஆர் சொன்னது?”

“ஒருத்தரும் சொல்லேல்லை. அலையைக் காட்டுற ஸ்கோப்பில வைச்சுப் பாக்கேக்க சிக்னல் இருக்கவேண்டிய வேகத்தில இல்லாம, சரியான ஆறுதலா, மெள்ள மெள்ள ஆடிச்சுது. நீங்கள் சோல்டர் பண்ணினதிலதான் பிழையெண்டு நினைச்சிட்டன்.”

“இப்ப?”

“பிழை என்ரதான். பத்துச் செக்கன் சிக்னலும் ஒரேயடியா ஸ்கோப் திரையில தெரியட்டுமெண்டு வைச்சிருந்தன். அதின்ர மெமரி கொள்ளுற புள்ளி கொஞ்சம்தானே? அது புள்ளியளைத் தள்ளித் தள்ளி எடுத்து, நடுவில எத்தினையோ அலையை விட்டிட்டுது; அதாலதான் ஆறுதலா ஆடுற மாதிரிக் காட்டினது. இண்டைக்கு நேரத்தைக் குறைச்சு, மெமரியையும் கூட்டிப் பாத்தன். வடிவா வருது.”

மூத்தவள் பெருமூச்சு விட்டுச் சீட்டில் சாய்ந்தாள்.

“அதுக்குத்தான் மூண்டு நாளா வேற மேசையில இருந்து சாப்பிட்டனீரோ?”

“ஓம் அக்கா. பிழை உங்கடையெண்டு எப்பிடிச் சொல்லுறதெண்டு தெரியேல்லை. உங்கட முகத்தைப் பாத்தா அழுதிடுவன் எண்டு பயம்.”

“நல்ல பிள்ளை! என்ர கருவாட்டுக் குழம்பு மணம் உமக்குப் பிடிக்கேல்லையாக்கும் எண்டு, நான் மூண்டு நாளா வெறும் பாணோட வாறன்.”