ஆறே முக்கால் பஸ்

ஹலோ... ஹலோ, மச்சானா... ஆமா ஆமா, காசிதான். கொஞ்சம் சத்தமாப் பேசுங்க, இங்குட்டு ஒரே கூட்டம்... மாநகராட்சி ஆபீஸ் வாசல்லதான் இருக்கேன். ஆட்டோவ ஓரங்கட்டிட்டு உள்ளயே உக்காந்திருக்கேன்... இல்ல, இன்னும் முடியல. இப்பத்தான் மேயருக்கு ஓட்டுப் போட ஆரம்பிச்சிருக்காக. வெளிய குழாய் ஸ்பீக்கர் கட்டியிருக்காக. உள்ள ஒவ்வொருத்தர் பேராக் கூப்பிடுறது இங்க கேக்குது...

பிரியாவா? உங்க தங்கச்சி போன் எடுக்க மாட்டா. கவுன்சிலர் எல்லாரு போனையும் வாசல்லயே வாங்கி வச்சுட்டாக... ஓ, அதான் எனக்குப் போட்டீகளா. திருப்பூர்ல இருந்துக்கிட்டு இதுக்காகக் கம்பெனியில லீவு போட்டீகளாக்கும்... சரி சரி, சந்தோசம்.

யாருக்குப் போடுவாளா? தெரியலையே... சத்தியமாத் தெரியல மச்சான். என்கிட்டயே சொல்லல. காலையில இட்லி வைக்கிறப்பக்கூடக் கேட்டேன். "சட்னி போதுமா"ங்கிறா.

...இல்லல்ல, மேயர ஜனங்க நேரா ஓட்டுப் போட்டு எடுக்கிறதில்ல. கவுன்சிலருகதான் போடணும். செம்மலை பக்கம் பதினெட்டுப் பேரு... ஆமா, ரோடு காண்ட்ராக்டு எடுக்கிறாரே அவருதான். தேனம்மை ஆச்சி பக்கம் பதினேழு. வலையபட்டிப் பெரிய வீட்ட ஓட்டலா மாத்தி நடத்துறாகளே, அந்த ஆச்சி... ம், அவுகளேதான். ரெண்டு பக்கமும் சேராம சுயேச்சையா ஜெயிச்சது ஊருக்கே உங்க தங்கச்சி ஒருத்திதான். அவ செம்மலைக்குப் போட்டா கதை முடிஞ்சுச்சு. ஆச்சிக்குப் போட்டா பதினெட்டுக்குப் பதினெட்டு, சீட்டுக் குலுக்கணும்... அதத்தான சொல்றேன். ஊரே அவ ஒரு ஓட்டுல தொங்கிக்கிட்டு நிக்குது. தையல் மிஷின்ல உக்காந்திருந்தவ.

எனக்கென்ன மச்சான், நல்லாத்தான் இருக்கேன்... நல்லாவா இருக்கேன்? நான் ஷேர் ஆட்டோ சங்கத்துச் செயலாளரு. அவ பஸ்ஸு விட வைக்கிறேன்னு சொல்லி ஜெயிச்சவ. ஒரே வீட்டுல ரெண்டு கட்சி. அவ நோட்டீஸ என் ஆட்டோ முதுகுலயே ஒட்டினா. நான் ஒண்ணும் சொல்லல... பெருந்தன்மையெல்லாம் இல்ல. ஜெயிக்க மாட்டாள்னு நெனச்சேன்.

...சிரிக்காதீக.

ஆமா, அந்தப் புதுவயல் பஸ்ஸுதான். எங்க வார்டுல இருந்து புதுவயல் அரிசி மில்லுக்கு நாப்பது அம்பது பொம்பளைக போறாக. மில்லு விடுறது சாயங்காலம் ஆறரைக்கு. டவுன் பஸ்ஸு ஆறு பத்துக்கே கிளம்பிருது, அதுவும் பஸ் ஸ்டாண்டோட சரி, எங்க வார்டுக்குள்ள வராது. அடுத்தது எட்டு மணிக்கு. பஸ்ஸுன்னா பொம்பளைகளுக்கு டிக்கெட்டே கிடையாது. நடுவுல வீட்டுக்கு வரணும்னா எங்க ஆட்டோதான்... ம்... ம், எங்களுக்கு அதுதான் நல்ல டிரிப்பு, இல்லேங்கல.

செம்மலை சங்கத்துக்கே வந்துட்டாரு மச்சான். "நான் மேயரானா உங்க ரூட்டுல புதுசா எந்தப் பஸ்ஸும் வராது. வார்டுக்குள்ள நுழையுற பிள்ளையார் கோயில் முக்குல பஸ்ஸு திரும்பவே திரும்பாது, பெறகு எப்படி விடுவாக"ன்னு சொன்னாரு. பயலுக எல்லாம் கை தட்டினாய்ங்க. தட்டி முடிச்சு அத்தன பேரும் என்னையப் பாத்தாய்ங்க. நான் என்ன செய்ய? "எங்க வீட்டுல நான் பேசிக்கிறேன்"னு சொல்லிட்டேன்... ஆமா, நெஞ்ச நிமித்திக்கிட்டுத்தான்.

பேசினேன். பேசாம இருப்பேனா? ஜாக்கெட்டுக்குக் கொக்கி தச்சுக்கிட்டே முழுசாக் கேட்டா. எல்லாம் கேட்டுட்டு துணி அளக்குற டேப்பு ரெண்ட எடுத்தா, ஊக்குப் போட்டு ஒண்ணாச் சேத்தா. "எந்திரிங்க, முக்க அளந்து பாத்துருவோம்"ங்கிறா.

...அளந்தோம் மச்சான். மத்தியானம் பன்னெண்டு மணி வெயில்ல. ஒரு முனை அவ கையில, ஒரு முனை என் கையில. சங்கத்துச் செயலாளரு நடு ரோட்டுல டேப்பப் புடிச்சுக்கிட்டுக் குத்தவச்சிருக்கேன். எங்க சங்கத்துச் சின்னக்கருப்பு, ஆட்டோவுல ஆள் ஏத்திக்கிட்டு வந்தவன் பிரேக்கப் போட்டு என்னையப் பாத்துட்டுப் போறான். ஒண்ணும் கேக்கல. கேட்டிருந்தாக்கூடத் தேவலை... இருவத்தெட்டு அடி. அத எழுதிக்கிட்டு, பஸ்ஸு ஓட்டுற டிரைவர் ஒருத்தரையும் கூட்டியாந்து காட்டினா. அவரு நடந்து பாத்துட்டு, "முக்குல பைக்க நிறுத்தாம இருந்தீகன்னா தாராளமாத் திரும்பும்"னுட்டாரு.

இருங்க இருங்க... யாரு பேரையோ கூப்பிடுறாக... இல்ல, ஒன்பதாவது வார்டு. அவளுக்கு இன்னும் நேரம் இருக்கு.

ரெண்டு பேருமே வீட்டுக்கு வந்தாக மச்சான். செம்மலை துணை மேயர் பதவி தாரேன்னாரு. ஆச்சி வந்து, ஊரச் சுத்தி வட்டப் பாதையில ஏசி பஸ்ஸு விடப்போறேன், நீ என் கூட நில்லுன்னாக. உங்க தங்கச்சி ரெண்டு பேருக்கும் காப்பி குடுத்தா. ரெண்டு பேருகிட்டயும் ஒரே கேள்விதான். "புதுவயல்ல இருந்து ஆறே முக்காலுக்கு ஒரு பஸ்ஸு வருமா?" செம்மலை, முக்குல பஸ்ஸு திரும்பாதுன்னாரு. ஆச்சி, "ஏசி பஸ்ஸெல்லாம் கெடக்கட்டும் தாயி, அந்த ஒரு பஸ்ஸ நான் கேட்டு வாங்குறேன்"னாக... ம், நானும் அப்படித்தான் நெனைக்கிறேன். ஆனா வாய் தொறக்கலையே இவ.

நானா? என்னையக் கேக்குறீகளா...

மச்சான், உங்ககிட்ட மட்டும் சொல்றேன். முந்தாநாள் சாயங்காலம் ஒரு காரியம் பண்ணா. "என்கிட்ட பேசினது போதும், புதுவயல்ல இருந்து சின்னக்கருப்பு ஆட்டோவுல பின்னாடி உக்காந்து வந்துட்டு, பெறகு பேசுங்க"ன்னா. சரி, இதென்ன பெரிய விசயம்னு போனேன். பதிமூணு பேரு. நான் பதினாலு. ஒரு காலு உள்ள, ஒரு காலு வெளிய. தவிட்டு வாசம்... எல்லாரு தலையிலயும் தவிடு. பக்கத்துல பொன்னுத்தாயின்னு ஒரு அக்கா. ரெண்டு கையாலயும் கம்பியப் புடிச்சுக்கிட்டு, முந்தானைய வாயில கடிச்சிருந்தாக. ஏன்க்கா அப்படிக் கடிச்சிருக்கீகன்னு கேட்டேன். "போன மாசம் லாரி ஒண்ணு ஒட்டிப் போனப்ப முந்தானைய இழுத்துக்கிட்டுப் போயிருச்சு தம்பி. நல்லவேளை, சேலையோட போச்சு"ன்னு சிரிக்கிறாக. எந்த ஆட்டோவுல வந்தப்பன்னு கேட்டேன்.

..."காசின்னு ஒருத்தரு ஆட்டோவுல"ங்கிறாக.

...ம். என் வண்டிதான். எனக்கு அப்படி ஒண்ணு நடந்ததே தெரியாது மச்சான். முன்னாடி ரோட்டப் பாத்து ஓட்டிக்கிட்டு வந்திருக்கேன். அவுகளும் ரெண்டு வருசமா என் முதுகத்தான் பாத்துக்கிட்டு வந்திருக்காக, மூஞ்சி தெரியல. "நீங்க மில்லுக்குப் புதுசா தம்பி"ன்னு கேட்டாக. ஆமாக்கான்னு சொல்லிட்டு எறங்கிட்டேன்.

வீட்டுக்கு வந்தேன். என்னன்னு அவ கேக்கல. நானும் சொல்லல. சோறு போட்டா, சாப்பிட்டேன்... ம்... ஆமா... அன்னைக்கி ராத்திரியே மனசுக்குள்ள முடிவு பண்ணிட்டேன். ஆனா சங்கத்துல இன்னும் சொல்லல. எப்படிச் சொல்லுவேன்? இந்தா, என் ஆட்டோவச் சுத்தித்தான் நிக்கிறாய்ங்க பூராப் பேரும். செம்மலை ஜெயிச்சதும் வெடி போடணும்னு சரத்தோட வந்திருக்கான் சின்னக்கருப்பு. அதான் மெதுவாப் பேசுறேன்.

மச்சான், மச்சான்... பேரு கூப்பிட்டாக. சத்தியப்பிரியான்னு கூப்பிட்டாக. கேட்டுச்சா... போயிருப்பா... ம்... தெரியாது, மறைச்சுத்தான் போடுவாக. சீட்டுல குத்திப் பெட்டியில போடணும்... உக்கார முடியல மச்சான். அவ ஜெயிச்சன்னைக்குக்கூட இப்படி இல்ல.

...லைன்லயே இருங்க.

...எண்ணுறாக... ஆமா, ஆணையர்தான் எண்ணுறாரு... ஹலோ? இருக்கீகளா... ம்...

இந்தா, சொல்றாக. செம்மலை... பதினெட்டு.

பதினெட்டுதான் மச்சான். அப்ப... ஆமா... ஆச்சியும் பதினெட்டு. சொல்லிட்டாக, பதினெட்டுக்குப் பதினெட்டு. ஆச்சிக்குத்தான் போட்டிருக்கா...

மச்சான், எல்லாப் பயலும் திரும்பி என்னையப் பாக்குறாய்ங்க. நான் போன்ல ரொம்ப முக்கியமாப் பேசுற மாதிரி இருக்கேன். நீங்க எதாச்சும் பேசிக்கிட்டே இருங்க... ம்... ம்... அப்படியா... ஆமா, திருப்பூர்ல மழைதான்... ம்...

சீட்டுக் குலுக்குறாக. ரெண்டு துண்டுக் காயிதத்துல பேர எழுதி டப்பாவுல போட்டுட்டாகளாம். ஆணையரே எடுக்கிறாராம்... எடுத்துட்டாரு... என்ன பேரு? ...கேக்கலையே, ஒரே கூச்சல்...

...செம்மலை.

செம்மலைதான் மச்சான். சீட்டு அவருக்கு விழுந்துருச்சு... ம்... என்ன செய்றது. ஜெயிச்சுட்டாரு... கேக்குதா, பயலுக ஆடுறாய்ங்க. சின்னக்கருப்பு சரத்தப் பிரிக்கிறான்... இல்ல, எனக்குச் சந்தோசமா இல்ல மச்சான். பாவம், அவ. அத்தன தூரம் அளந்து, அலைஞ்சு... அவ வெளிய வந்தா என்ன பேசுறதுன்னு தெரியல. நீங்களே சொல்லுங்க, என்ன பேச... ம்... ம்...

மச்சான், ஒரு நிமிசம். ஸ்பீக்கர்ல என்னமோ கேக்குது... செம்மலை குரல்தான். மைக்க அமத்த மறந்துட்டாக. மாலை போட்டவுக கலைஞ்சு போயிட்டாக போல. அவரு, "வாம்மா தங்கச்சி, உக்காரு"ங்கிறாரு... பிரியாவத்தான். இருங்க, போன வெளிய நீட்டுறேன், நீங்களே கேளுங்க... கேக்கலையா? சரி, நான் சொல்றேன்.

"நீ அங்குட்டுப் போட்டது எனக்கு வருத்தமில்ல"ங்கிறாரு... "பஸ்ஸு எத்தன மணிக்குன்னு சொன்ன"ங்கிறாரு.

ஏனா? ஏன்னா அவருகிட்ட இருக்கிறது பதினெட்டுத்தான மச்சான். சமமா வந்தா மேயருக்கு இன்னொரு ஓட்டு உண்டாம். ஆனா பதினெட்டுல ஒருத்தரு கல்யாணத்துக்குப் போனாலும் காய்ச்சல்ல படுத்தாலும் அன்னைக்குத் தீர்மானம் கவுந்துரும்ல. அஞ்சு வருசம் எல்லாரும் தவறாம வருவாகளா? உங்க தங்கச்சி கை அவருக்கு வேணும்... ஆமா, ஆளு விவரந்தான்.

..."ஆறே முக்கால்"ங்கிறா. அவரு "ஏழுன்னு வச்சுக்குவோமே"ங்கிறாரு... "ஏழுன்னா அதுவரைக்கும் இருட்டுல நிக்கணும், முடியாது"ங்கிறா... "பஸ்ஸு விடுறது நம்ம கையிலயா இருக்கு, டிப்போவுலல்ல கேக்கணும்"ங்கிறாரு... "கேக்குறது நம்ம கையிலதான இருக்கு, முதல் கூட்டத்துல முதல் தீர்மானமாப் போடுங்க"ங்கிறா... முக்குல திரும்பாதேன்னு இழுக்கிறாரு. இருவத்தெட்டு அடின்னு சொல்றா... இப்ப யாரோ சிரிக்கிறாக. ஆச்சி குரல்தான் மச்சான், "எழுதிக் குடுத்துருங்க தம்பி, எங்க பதினேழு பேரும் கையத் தூக்குறோம்"ங்கிறாக.

..."சரிம்மா, ஆறே முக்கால்"னுட்டாரு.

சொல்லிட்டாரு மச்சான். ஊரே கேட்டுருச்சு. ரோட்டுல நிக்கிற அத்தன பேருக்கும் கேட்டுருச்சு. இந்தா, இப்பத்தான் எவனோ ஓடிப்போய் மைக்க அமத்துறான்...

சின்னக்கருப்பு சரத்தக் கையில புடிச்சுக்கிட்டு அப்படியே நிக்கிறான். தீப்பெட்டியத் தொறந்தவன் மூடிட்டான்... என்னையப் பாத்துத்தான் வாரான். வைக்காதீக, இருங்க.

...என்னடா. ...ஆமடா, கேட்டுச்சு. ...பேசுறேன்னு சொன்னேன், பேசவும் செஞ்சேன்டா. அவளும் பேசினா. நான்தான் கேட்டுக்கிட்டேன். ...டேய், முந்தாநாள் உன் வண்டியில பதினாலாவது ஆளா வந்தேனே, என்னத்துக்கு வந்தேன்னு நெனச்ச? ...பஸ்ஸு மெயின் ரோட்டுலதான்டா எறக்கிவிடும். அங்கருந்து தெருவுக்குள்ள யாரு கொண்டுபோய் விடுவா? நாமதான். ஆறு பேர ஏத்து, போதும். ...ம், ராஜினாமா வேணும்னா எழுதித் தாரேன், சங்கத்துல வச்சுப் பேசுவோம். ...என்ன? ...உங்க வீட்டுலயுமா? ...எப்பருந்து? ...அடப்பாவி.

மச்சான், இருக்கீகளா? சின்னக்கருப்பு பொண்டாட்டியும் அடுத்த மாசத்துல இருந்து அதே மில்லுக்குத்தான் போகுதாம். அவன் அத யாருகிட்டயும் சொல்லாம வச்சிருந்திருக்கான்... ஆமா, சிரிக்கிறான்... வெடியா? போடப்போறான் போல. எதுக்குப் போடுறான்னு அவனுக்கே தெரியல.

...கேக்குதா? ...ஹலோ... ம், வெடிதான்.

பிரியா வெளிய வந்துட்டா மச்சான். படியில நிக்கிறா... அழுகல, சிரிச்சுக்கிட்டுத்தான் இருக்கா... குடுக்கிறேன், குடுக்கிறேன், ஆனா கிட்டப் போக முடியலையே. வார்டுப் பொம்பளைக பூராம் சுத்திக்கிட்டாக. பொன்னுத்தாயி அக்காவும் நிக்கிறாக... ஆமா, என்னையப் பாத்துட்டாக. யாருன்னு இப்பத் தெரிஞ்சுபோச்சு போல, முறைக்கிறாக... இல்ல, கையக் காட்டிக் கூப்பிடுறாக.

வாரேன்க்கா, வாரேன்... வழி விடுங்க... நான் அவ வீட்டுக்காரருங்க... சரி, பின்னாடியே நிக்கிறேன்.

மச்சான், லைன்ல இருங்க. எனக்கு முன்னாடி இன்னும் பத்துப் பேரு நிக்கிறாக... ஹலோ... ஹலோ...