டிரிப்பருக்குப் பின்னால் ஒரு சாண் வயர்

போன் அடித்தால் இரண்டாவது மணிக்குள் எடுத்துவிடுவேன் ஐயா. கூப்பிட்டவரைக் காக்க வைப்பது எனக்குப் பிடிக்காது. இருபத்தாறு வருடமாக எலக்ட்ரீஷியன் வேலை பார்க்கிறேன், யாரும் என்னைச் சோம்பேறி என்று சொன்னதில்லை.

அந்த டீச்சரும் சொன்னதில்லை. வீட்டிலிருந்தே கம்ப்யூட்டரில் பாடம் எடுப்பவர். கம்பியில்லாமல் கணக்கு அனுப்பும் புது மீட்டரை மாட்டிய வாரத்திலிருந்து அவர் வீட்டு டிரிப்பர் கண்டபடி விழ ஆரம்பித்தது. எங்காவது மின்கசிவு இருந்தால் கண் இமைப்பதற்குள் மின்சாரத்தை வெட்டி ஆளைக் காப்பாற்றும் சாதனம் அது. கசிவே இல்லாமல் விழுந்தது. பாடம் பாதியில் அறும், டீச்சர் கூப்பிடுவார், நான் ஓடுவேன். சாப்பாட்டில் கை வைத்தால் போன், கண்ணை மூடினால் போன். கடைசியில் சும்மா கிடந்த போன்கூட அடிப்பதுபோல் இருந்தது.

ஆறாம் நாள் மீட்டர் பெட்டிக்கு முன்னால் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தேன். மீட்டரில் பச்சை விளக்கு மினுக்கியதும் டிரிப்பர் விழுந்தது. மூன்று தடவை பார்த்தேன். இரண்டும் ஒரே பெட்டிக்குள் ஒட்டிக்கொண்டிருந்தன. மீட்டர் ரேடியோ அலையில் தகவல் அனுப்பும்போதெல்லாம் டிரிப்பர் ஏமாந்துபோகிறது. மின் அலுவலகத்தில் போய்ச் சொன்னேன். பொறியாளர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "ரேடியோவா? பாட்டு ஏதாச்சும் கேட்டுச்சா?" என்றார். அங்கிருந்த எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு அது இன்னும் ஆறவில்லை.

டிரிப்பரைப் பக்கத்துச் சுவருக்கு மாற்றினால் போதும். புதிதாகப் பெயின்ட் அடித்த சுவரை உடைக்க டீச்சரின் மாமியார் ஒப்பவில்லை. அதனால் டிரிப்பருக்குப் பின்னால் ஒரு சாண் வயர் போட்டு, மின்சாரம் அதைத் தொடாமலே வீட்டுக்குள் போகும்படி டைரக்ட் கொடுத்தேன். குமிழ் மட்டும் பேருக்கு நிமிர்ந்து நின்றது. இனிமேல் விழாது என்று டீச்சரிடம் சொன்னேன். அது பொய்யில்லை.

இரண்டு மாதம் கழித்துக் கூப்பிட்டார். "அண்ணே, வாஷிங் மெஷின தொட்டா கை சுருக்குங்குது. கொஞ்சம் வந்து பாக்குறீங்களா?"

போனால் பெட்டியைத் திறக்க வேண்டும். மாமியார் கூடவே நிற்பார்.

"செருப்பு போட்டுக்கிட்டுத் தொடும்மா. வியாழக்கிழமை வர்றேன்."

புதன்கிழமை மாமியார் கூப்பிட்டார். அடுத்த தெருதான், மூன்றே நிமிடத்தில் போய்விட்டேன். மாமியார் மெயினை அணைத்திருந்தார். டீச்சர் ஈரத்தரையில் கிடந்தார், லேசாக மூச்சு இருந்தது. டாக்டரை அழைத்துவரச் சொல்லி மாமியாரை அனுப்பிவிட்டு, பெட்டியைத் திறந்தேன். வயரைக் கழற்றி டிரிப்பரைப் பழையபடி இணைக்க நான்கு நிமிடம் ஆனது. அவசரத்தில் வேலை செய்தால் கை நடுங்கும் என்பார்கள், எனக்கு நடுங்கவில்லை. அப்புறம்தான் அவர் பக்கம் போனேன். மூச்சு இல்லை.

மீட்டரின் ரேடியோ அலையால் டிரிப்பர் முடங்கிவிட்டது என்று எல்லோரிடமும் சொன்னேன். இந்தத் தடவை பொறியாளர் சிரிக்கவில்லை. தெரு முழுக்க மீட்டர்களைக் கழற்ற உத்தரவு வந்தது. அன்றைக்கே என் பேச்சைக் காதில் போட்டிருந்தால் டீச்சர் இன்று உயிரோடு இருப்பார்.

ஒப்புக்கொள்கிறேன் ஐயா, வயரைப் போட்டதும் நான், கழற்றியதும் நான். நீங்கள் அந்த ஒரு வீட்டைப் பற்றித்தான் கேட்டீர்கள். அதே மாதிரி வயர் இன்னும் பதினொரு வீடுகளில் இருக்கிறது. அங்கிருந்து யாரும் கூப்பிடவில்லை. கூப்பிடாத வீட்டுக்குப் போய் நிற்பது மரியாதையில்லை.