தலையில அடி, பக்கத்துல டாக்டர்

...அதுக்குப் பேரு மேல்படிப்பாம் தம்பி. நல்லா உக்காரு, சாயாதே, ஐஸ் பையை நான் புடிச்சுக்கறேன். ஐஸ் பை புடிக்கத்தான் நான் ஒரு வருஷமா படிக்கறேன்னு வெச்சுக்கோயேன். ஏற்கெனவே டாக்டருக்குப் படிச்சு, அதுக்கு மேல குடும்ப டாக்டருக்குப் படிச்சு, சொந்தமா கிளினிக் வெச்சு, காய்ச்சல் இருமல் சர்க்கரைன்னு ஜனங்க வாசல் வரைக்கும் நின்னாங்க. சும்மா கெடந்திருக்கலாம்ல? விளையாட்டு மருத்துவத்துல ஃபெல்லோஷிப்னு ஒரு விளம்பரம் கண்ணுல பட்டுச்சு. கத்தி கிடையாது, ஆபரேஷன் கிடையாது, விளையாடறவங்களை கூடவே இருந்து பாத்துக்கணும், அவ்வளவுதான்னான். வேலியில போன ஓணானை எடுத்து மடியில விட்டுக்கிட்டேன்.

வீட்ல இருக்கற மரியாதையைக் கேளு. "மாப்பிள்ளை இன்னுமா பாஸாகலை?"ங்கறாங்க மாமியார். என் மச்சினன் ஒருத்தன் இருக்கான், எடக்குப் புடிச்சவன். "மாமா, டிக்கெட் எடுக்காம மேட்ச் பாக்கறதுக்கு ஒரு படிப்பா?"ன்னு எல்லாரும் சாப்பிட உக்காந்திருக்கறப்ப கேக்கறான். என் பொண்டாட்டி முதல்ல சிரிச்சுட்டு அப்புறமா அவனை அதட்டறா.

சரி, இங்க மட்டும் என்ன வாழுது? கோச்சுக்கு நான் 'ஐஸ் டாக்டர்'. அந்த எலும்பு டாக்டருங்க இருக்காங்களே, "ஓ, ரெஸ்ட் எடுக்கச் சொல்ற டாக்டரா"ங்கறாங்க, மூஞ்சிக்கு நேரா. ஸ்கேன் மிஷின் பழகணும்னு எங்க பேட்ச்ல ஒருத்தர் முட்டியில ஒருத்தர் வெச்சுப் பாப்போம். நல்லா இருந்த என் முட்டியில ஏதோ கிழிசல்னு கண்டுபுடிச்சானுங்க. அன்னிலேருந்து மாடிப்படி ஏறினா வலிக்குது தம்பி, அதுவரைக்கும் வலிச்சதே இல்லை.

கண்ணை ஏன் சுருக்கறே, வெளிச்சம் கூசுதா? எனக்கும்தான் கூசுது, வெயில் அப்படி. நீயும் எதிர் டீம் தடியனும் பந்துக்கு எம்பி மண்டையோட மண்டை மோதினீங்களே, சத்தம் எனக்கு இங்க கேட்டுச்சு. அதான் ஓடி வந்து உன்னை வெளிய இழுத்தேன். தலையில அடிபட்டவனைப் பாக்காம உள்ள விடக் கூடாது. அடிபட்ட மூளையில இன்னொரு அடி விழுந்தா ஆளே போயிடுவான். விளையாடலாமா வேணாமான்னு சொல்ல வேண்டியது நான்தான். கோச் தலைகீழா நின்னாலும் என் பேச்சுதான் பேச்சு. கத்தறார் பாரு, பத்து பேரை வெச்சு எவ்வளவு நேரம் ஆடறதுன்னு. கத்தட்டும்.

என் கவலை அவர் இல்லை. மேல கேலரியில கறுப்புக் கண்ணாடி போட்டுக்கிட்டு உக்காந்திருக்காரே, எங்க பெரிய டாக்டர், அவர்தான். இன்னிக்கு நான் வேலை பாக்கறதைப் பாத்துட்டு அவர் சரின்னாத்தான் எனக்கு சர்டிபிகேட். இல்லைன்னா இன்னொரு வருஷம் இதே ஐஸ் பை. போன தடவை ஃபெயில் போட்டுட்டார். காரணம் என்னங்கறே? "கேள்வியையும் நீயே கேக்கறே, பதிலையும் நீயே சொல்றே, அப்புறம் எதுக்குய்யா நோயாளி?"ன்னு. அத்தனை பேர் முன்னாடி. நான் அப்படிப்பட்ட ஆளா, நீயே சொல்லு. சொல்ல மாட்டே, பெரியவங்களைக் குறை சொல்லாத பையன். நான் ரெண்டு வார்த்தை பேசினா இப்படி வாயை மூடிக்கிட்டுக் கேக்கறவங்க இந்தக் காலத்துல யாரு இருக்கா?

சரி, பரிசோதனைக்கு வருவோம், அவர் பாக்கறார். இது எந்த மைதானம்? சொந்த மைதானம், தினம் ஓடற இடம், இதைப் போய் கேக்கச் சொல்றாங்க பாரு. இப்ப எந்தப் பாதி? ரெண்டாவது. கடைசியா கோல் போட்டது யாரு? அந்தத் தடியன்தான், நீதான் அவனைக் கோட்டை விட்டே. அதை உன் வாயால சொல்ல சங்கடமா இருக்கும், விடு. வந்து உக்காந்ததும் அஞ்சு வார்த்தை சொன்னேன்ல? கதவு, குடை, ஆடு, சோப்பு, மேகம். எனக்கே ஞாபகம் இருக்கு, சின்னப் பையன் உனக்கு இருக்காதா? தலை சுத்துதா? சுத்தினா சொல்லியிருப்பே. எங்க, ஒத்தைக் கால்ல நில்லு. அட, பாத்துப்பா... தரை ஈரம், நான்தான் ஐஸ் தண்ணியைக் கொட்டித் தொலைச்சுட்டேன்.

அங்க பாரு, பெரிய டாக்டர் எழுந்து நின்னு ரெண்டு கையையும் ஆட்டறார். ஆக, மனுஷனுக்குத் திருப்தி. போ ராசா, போய் விளையாடு. உன்னால என் வீட்ல இன்னிக்கு எனக்குச் சோறு மரியாதையா விழும்.

தம்பி... எங்க போறே? மைதானம் இந்தப் பக்கம். தம்பி, அது எதிர் டீம் பெஞ்சு. அங்க போய் ஏன் உக்காந்தே? ஏம்ப்பா, கொஞ்சம் நகருங்க, சிரிக்காதீங்க, அவன் எங்க ஆளு. அடிபட்டவன்.

தம்பி, இங்க பாரு. என்னைப் பாரு. நான் யாருன்னு தெரியுதா? டாக்... இல்லை, சொல்லலை. ஸ்ட்ரெச்சர் கொண்டாங்கப்பா, சீக்கிரம். எனக்குப் பயமா இருக்குடா. சர்டிபிகேட் எக்கேடோ கெட்டுப் போகட்டும், அவர் கீழே இறங்கி வந்து என்னைச் செருப்பால அடிக்கட்டும். உன் பேரு என்ன? அது மட்டும் போதும். நான் வாயைத் திறக்கலை. நீ சொல்லு.

...

நீ சொல்லுப்பா.