பொறுப்பை ஒப்படைத்த விதம்

கூட்டம் என்றால் நாற்காலிகளை வட்டமாகப் போட வேண்டும், ஐயா. வரிசையாகப் போட்டால் முன்னால் இருப்பவர்கள் மட்டும் பேசுவார்கள். பின்னால் இருப்பவர்கள் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டு பொழுதைப் போக்குவார்கள். பெற்றோர் ஆசிரியர் சங்கத்துக்குத் தலைவியாக வந்ததும் நான் செய்த முதல் மாற்றம் அதுதான்.

அந்த வட்டத்தில், கதவுக்குப் பக்கத்து நாற்காலியில்தான் அவள் வந்து உட்கார்ந்தாள். பேசினால் அவளுக்கே கேட்காது. மற்ற அம்மாக்கள் அவளைப் பூனைக்குட்டி என்பார்கள். அவள் மகளும் என் மகளும் ஒரே வகுப்பு. சங்கத்தில் நாற்காலி தூக்க ஆள் வரும், பொறுப்பு எடுக்க ஆள் வராது. அப்படிப்பட்ட ஆளை நாம்தான் உருவாக்க வேண்டும். நான் அவளைத் தேர்ந்தெடுத்தேன்.

எல்லாவற்றையும் சொல்லிக் கொடுத்தேன். பேச எழுந்ததும் யாராவது ஒருவர் முகத்தைப் பார். உதவி வேண்டுமென்றால் பொத்தாம் பொதுவாகக் கேட்காதே, ஆளைப் பார்த்துக் கேள். யாராவது பேச்சை வளர்த்தால், சிரித்துக்கொண்டே "இதை நாம அப்புறம் தனியா பேசலாமா" என்று வெட்டிவிடு. என் சமையலறையில் நின்று பேசிப் பழகுவாள். நான் வெங்காயம் நறுக்கிக்கொண்டே திருத்துவேன். "நீங்க இல்லேன்னா நான் வாயே திறந்திருக்க மாட்டேன்க்கா" என்பாள். கேட்க நன்றாகத்தான் இருந்தது.

பிறகு ஒரு கூட்டம். நூலக அறைக்கு என்ன வர்ணம் பூசலாம் என்று நான் விளக்கிக்கொண்டிருந்தேன். அவள் சிரித்துக்கொண்டே, "அக்கா, இதை நாம அப்புறம் தனியா பேசலாமா?" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அந்த ஆண்டுத் தேர்தலில் அவளுக்காகக் கைகள் உயர்ந்தபோது, அவற்றில் என் வீட்டுக்காரரின் கையும் இருந்தது. வீட்டுக்குத் திரும்பும் வழியில், "உனக்கும் ஓய்வு வேணுமில்ல" என்றார். அக்கறையாகத்தான் சொன்னார்.

எனக்குப் பொறாமை என்று வெளியே பேசிக்கொள்கிறார்களாம். பொறாமைக்காரி இவ்வளவு சொல்லிக் கொடுப்பாளா, நீங்களே சொல்லுங்கள்.

தலைமை என்பது சொல்லிக் கொடுத்து மட்டும் வந்துவிடாது. ஒரு தடவையாவது சறுக்க வேண்டும். நாலு பேர் முன்னால் முகம் வெளிறி நிற்க வேண்டும். அவளுக்கு எல்லாமே சுலபமாகக் கிடைத்துவிட்டது. அந்தக் குறையைத்தான் சரிசெய்ய நினைத்தேன்.

ஆண்டு விழாவுக்குச் சில நாள் முன்பு, பள்ளி மண்டபத்து மர மேடையைப் பார்க்க வந்த தச்சர், பழக்க தோஷத்தில் என்னைத் தேடி வந்தார்.

"இடது பக்கம் கீழ்ச்சட்டம் பூரா செல்லரிச்சுப் போச்சும்மா. மேல பாத்தா தெரியாது. வேற மரம் வர்றதுக்குள்ள விழாவே முடிஞ்சிடும். பிள்ளைங்களை அந்தப் பக்கம் ஏத்தாதீங்க. குறுக்கே கயிறு கட்டி வச்சிருக்கேன். புதுத் தலைவியம்மாகிட்டயும் ஒரு வார்த்தை சொல்லிடுங்க."

சொல்கிறேன் என்றேன்.

விழா அன்று காலை எல்லோருக்கும் முன்னால் மண்டபத்துக்குப் போனேன். கயிற்றை அவிழ்த்தேன். முடிச்சு இறுக்கமாக இருந்தது, நகம் உடைந்தது. பிறகு மேடை முழுவதும் துணி விரித்து, சுருக்கம் தெரியாமல் ஓரங்களில் ஊசி குத்தினேன். அவள் வந்து பார்த்துவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"எவ்வளவு அழகா பண்ணியிருக்கீங்கக்கா. மேடையெல்லாம் உறுதியாத்தானே இருக்கு? நீங்க பாத்துச் சொன்னா எனக்கு நிம்மதி."

"தலைவி நீதானே. நீயே பாத்து முடிவு பண்ணு" என்றேன். முதுகில் தட்டியும் கொடுத்தேன்.

அவள் மேடை நடுவில் ஏறி நின்று, காலால் இரண்டு தட்டு தட்டிப் பார்த்தாள். திருப்தியாகத் தலையாட்டினாள்.

பாட்டுக் குழு ஏறியது. முதல் பாட்டு முடிவதற்குள் இடது பக்கம் சரிந்தது. பெரிய சத்தம்கூட இல்லை. மற்றப் பிள்ளைகளுக்குச் சிராய்ப்பு, ஒரு பையனுக்குக் கை முறிவு. அவள் மகள் சட்டத்துக்கு அடியில் போய்விட்டாள். எடுத்தபோது மூச்சு இல்லை. பூனைக்குட்டி என்றவர்கள் அன்று அவள் குரலைக் கேட்டார்கள்.

வெளியே பெஞ்சில் தச்சரை உட்கார வைத்திருக்கிறீர்கள். அவரை வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள். அவர் சொன்னார், நான் யாரிடமும் சொல்லவில்லை. அவர் கட்டினார், நான் அவிழ்த்தேன். இதை இப்படியே எழுதிக்கொள்ளலாம்.

அவளோ பார்க்கிறவர்களிடமெல்லாம், "தப்பு என்னோடதுதான், நான்தான் சரியா பாக்கல" என்று சொல்லி அழுகிறாளாம். அடுத்தவர் மேல் பழி போடாமல் தானே ஏற்றுக்கொள்வது பெரிய குணம். அதுவும் நான் சொல்லிக் கொடுத்ததுதான்.

ஒரு பலகை இறங்கும், யாராவது தடுமாறுவார்கள், கூட்டம் முணுமுணுக்கும். அவ்வளவுதான் நான் எதிர்பார்த்தது. பிள்ளைகளுக்கு ஆபத்து என்று மனதில் படவே இல்லை. நானும் ஒரு தாய், ஐயா.

என் மகளை வலது கோடிக்கு மாற்றி நிறுத்தச் சொன்னது ஏன் என்று கேட்கிறீர்கள். பாட்டு டீச்சர் சொல்லியிருப்பார். என் மகள் கொஞ்சம் வளர்த்தி. ஓரத்தில் நின்றால் பின்னால் நிற்கிற பிள்ளைகளை மறைக்க மாட்டாள். அதற்காகத்தான்.

இடது கோடியும் ஓரம்தானே என்கிறீர்கள்.

அது எனக்கு அன்றைக்குத் தோன்றவில்லை.