மேட்டு மரமும் சேர்த்து

"காத்துல போற அலையக்கூட ஏலம் விடுறாங்களாமே, பாய்."

பழனியிலிருந்து கொடைக்கானல் ஏறும் பேருந்தில், இதைக் கேட்டதும் எனக்குத் தூக்கம் போய்விட்டது. முன் இருக்கையில் பேசியவர் மலைமேல் கவுஞ்சி கிராமத்துப் பூண்டு விவசாயி. பக்கத்தில் மடியில் கூடையோடு ஆயக்குடி கொய்யா வியாபாரி.

"ஆமாங்க. அடுத்த தலைமுறை செல்போனுக்காம். அலைக்கற்றைங்கிறாங்க."

"ஏலம் எடுக்குறவன் எங்க ஊருக்கு டவரு போடுவானா? பூண்டு வெல கேக்கணும்னா நான் ரெண்டு வளைவு எறங்கி வந்தாத்தான் சிக்னலு."

"எங்க போடுவான்? கூட்டம் இருக்குற டவுன்ல போட்டுட்டு சோலிய முடிச்சிருவான். எங்க தோப்பு ஏலம் அப்படி இல்லைங்க. நல்ல பழத்த மட்டும் பறிச்சுக்கிறேன்னு சொல்ல முடியாது. தண்ணி ஏறாத மேட்டு மரம், வெம்பல், அணில் கடிச்சது எல்லாம் சேத்துத்தான் எடுக்கணும். அலைக்கும் அப்படி ஒரு கண்டிசன் போட்டாத்தான் சரிப்படும்."

விவசாயி அவர் பக்கம் திரும்பினார்.

"அப்ப எங்க ஊரு அணில் கடிச்சதா, பாய்?"

"கோவிச்சுக்காதீங்க. எங்க வீட்டுப் பிள்ளைங்க அதுக்குத்தான் அடிச்சுக்கும். அம்புட்டு இனிப்பு."

"இனிக்கிறதெல்லாம் இருக்கட்டும். இந்தக் கண்டிசன டெல்லிக்கு யாரு சொல்றது?"

"ஏன், நாமளே சொல்லுவோம். வெரசா ஒரு போனப் போட்டாப் போச்சு."

வியாபாரி சட்டைப்பையிலிருந்து செல்போனை எடுத்தார். உற்றுப் பார்த்தார். தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தும் பார்த்துவிட்டு, திரும்பப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

"அடுத்த வளைவு வரட்டுங்க."